சம்பளத்துக்கு ஈடாகக் கிடைத்த ஊர்

போலந்தின் கிழக்கு எல்லையில், பெலாருஸ் நாட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், க்ருஷின்யானி என்றொரு சிற்றூர் இருக்கிறது. இருநூறு பேர்கூட இல்லாத அந்த ஊரில், பச்சை வண்ணம் பூசிய மரப் பள்ளிவாசல் ஒன்றும் அதன் பின்னால் மரங்கள் அடர்ந்த மேட்டில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மையவாடி (முஸ்லிம்களின் அடக்கத்தலம்) ஒன்றும் உள்ளன என்பதை, வார்சாவில் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்தே நான் அறிந்தேன். கத்தோலிக்கத் தேவாலயக் கோபுரங்களை அடையாளமாகக் கொண்டு திசை அறியும் ஒரு நாட்டில், அதுவும் நகரமல்லாத ஒரு மணற்காட்டு ஊரில், பள்ளிவாசல் எப்படி வந்தது என்ற கேள்வி, கீழக்கரையில் பிறந்த என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை அங்கே சென்றுவந்த பிறகு எழுதும் இந்தப் பகிர்வில், ஊரைப் பற்றி அறிந்தவற்றோடு, ஒரு சிறிய ஊரின் வரலாற்றைத் தேடிப் போகும்போது நான் செய்த பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதற்பிழை பெயரிலேயே தொடங்கியது. போலிஷ் மொழியில் ஊர்ப்பெயர்களும் வேற்றுமை ஏற்கும். 'க்ருஷின்யானி' என்பது பன்மை வடிவம். அந்த ஊருக்குப் போகிறேன் என்றால் 'டோ க்ருஷின்யான்' என்றும், அந்த ஊரில் இருக்கிறேன் என்றால் 'வ் க்ருஷின்யானாஹ்' என்றும் சொல்லவேண்டும். மதுரை, மதுரைக்கு, மதுரையில் என்று ஒட்டுகளைச் சேர்த்துப் பழகிய நமக்கு இது புதிதில்லை என்றாலும், நம் மொழியில் பெயரின் உடல் பெரும்பாலும் அப்படியே நிற்க, அவர்கள் மொழியில் வால் வெட்டுப்பட்டு வேறு வால் முளைக்கிறது. பழைய ஆவணங்களில் நான் ஒரே ஊரை மூன்று ஊர்களாக எண்ணிக் குறிப்பெடுத்த வேடிக்கை இதனால் நேர்ந்தது. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. போலந்தில் ஒரே பெயரில் பத்து, இருபது ஊர்கள் இருப்பது சாதாரணம். ஆகவே ஊர்ப்பெயரை மட்டும் குறித்துக்கொள்ளாமல், அது எந்த க்மினாவில், எந்த போவியத்தில், எந்த வொயெவுத்ஸ்த்வோவில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்; நம் ஊராட்சி ஒன்றியம், மாவட்டம், மாநிலம் போன்ற மூன்றடுக்கு அது. நான் சொல்லும் ஊர் க்ரின்கி க்மினாவில், சொகூவ்கா போவியத்தில், போத்லாஸ்கியே வொயெவுத்ஸ்த்வோவில் இருப்பது.

2021 இலையுதிர்காலத்தில் போகத் திட்டமிட்டிருந்தேன். அந்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி, பெலாருஸ் வழியாக அகதிகளும் குடியேறிகளும் எல்லை கடக்க முயன்ற நெருக்கடியை முன்னிட்டு, எல்லையோரப் பகுதிகளில் போலந்து அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. வெளியாட்கள் நுழையக் கூடாத ஊர்களின் பட்டியலில் க்ருஷின்யானியும் இருந்தது. சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைத்த ஊரில் பல மாதங்கள் பயணிகளே இல்லாமற்போனார்கள். தடை 2022 ஜூலை தொடக்கத்தில் விலக, ஆகஸ்டில் புறப்பட்டேன். எல்லையோர ஊருக்குப் போகிறவர்கள் புறப்படும் வாரத்தில் அன்றைய விதிகளைப் பார்த்துக்கொள்வது கட்டாயம்; அங்கே நிலைமை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. வதிவிட அட்டையையும் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருந்தது நல்லதாயிற்று, ஏனெனில் க்ரின்கிக்கு வெளியே ரோந்து வாகனம் ஒன்று என்னை நிறுத்தி, இரண்டையும் பார்த்துவிட்டு, வணக்கம் சொல்லிப் போனது.

வார்சாவிலிருந்து ரயிலில் பியாவிஸ்தோக், அங்கிருந்து பேருந்தில் க்ரின்கி, அதற்குமேல் நடை. க்ரின்கியிலிருந்து க்ருஷின்யானி தெற்கே பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். வாடகைக்குக் கார் எடுத்திருக்கலாம் என்று நண்பர்கள் பின்னர் சொன்னார்கள். எனக்கோ, நடந்ததால்தான் அந்த ஊர் விளங்கியது.

நடக்கும்போது முதலில் கண்ணில் படுவது மணல். சாலையோரத்தில், வயல் வரப்பில், பைன் மரங்களின் வேரடியில் எங்கும் வெளிறிய மணல். அந்த மணலுக்கு நடுவே, யானைக்குட்டி அளவிலிருந்து கைக்கடக்கமானது வரை, சாம்பலும் இளஞ்சிவப்புமாகக் கருங்கற்கள். பனியுகங்களில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறைகள் உருட்டிக்கொண்டு வந்து விட்டுச்சென்றவை இக்கற்கள். நிலம் மெல்ல மேடும் பள்ளமுமாக அலைவதும் அதே பனிப்பாறைகளின் வேலைதான். உழவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் வயலிலிருந்து கல் பொறுக்கி வரப்பில் குவிப்பதை இந்தப் பகுதி முழுதும் பார்க்கலாம். கோதுமைக்கு ஏற்ற செழித்த மண் இல்லை; ரை என்னும் தானியமும் உருளைக்கிழங்கும் விளையும் மண். இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னால் வரும் வரலாற்றின் பாதி தானாகவே விளங்கிவிடும்.

இன்னொன்று வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். இந்தப் பக்கத்து ஓடைகள் கிழக்கே ஷ்விஸ்வோச் ஆற்றில் சேர்கின்றன. சில இடங்களில் அந்த ஆறே இன்று இரு நாடுகளின் எல்லை. ஷ்விஸ்வோச் நியெமென் ஆற்றில் கலந்து, பெலாருஸையும் லித்துவேனியாவையும் கடந்து பால்டிக் கடலை அடைகிறது. ஆனால் ஐம்பது கிலோமீட்டர் மேற்கே பியாவிஸ்தோக்கில் பெய்யும் மழை நாரெவ் ஆற்றின் வழியாகப் போய், வார்சாவுக்குச் சற்றுக் கீழே விஸ்வா ஆற்றில் சேர்கிறது. காலையில் ஏறிய பேருந்தில் எங்கோ ஒரு நீர்ப்பிரிமேட்டைக் கடந்திருக்கிறேன். நூற்றாண்டுகளாக இந்த ஊர் வார்சாவைப் பார்க்காமல், நியெமென் கரையிலுள்ள க்ரோத்னோ நகரைப் பார்த்தே வாழ்ந்தது என்பதற்கு நீரோட்டமும் சாட்சி. வழக்கு, வரி, சந்தை எல்லாம் க்ரோத்னோவில். இன்று அந்நகரம் எல்லைக்கு அப்பால் பெலாருஸில் இருக்கிறது.

வரலாற்றுக்கு வருகிறேன். லித்துவேனியப் பெருங்கோமகன் வித்தாவுத்தாஸ் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் முஸ்லிம்களான தத்தாரியப் படைவீரர்களைத் தம் நாட்டில் குடியேற்றத் தொடங்கினார். போர்ப்பணிக்கு ஈடாக நிலமும், தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தன. போலந்து-லித்துவேனியக் கூட்டரசில் 'லிப்கா' என்று அழைக்கப்பட்ட இந்தத் தத்தாரியர்கள் குதிரைப்படையில் பெயர்பெற்றவர்கள். 17ஆம் நூற்றாண்டில் தொடர்ந்து நடந்த போர்களால் கருவூலம் வறண்டது, படைச்சம்பளம் ஆண்டுக்கணக்கில் பாக்கி விழுந்தது, சலுகைகளும் குறைந்தன. 1672இல் அவர்களில் ஒரு பகுதியினர் கலகம் செய்து துருக்கிய ஒட்டோமான்கள் பக்கம் போய்விட்டார்கள். திரும்பி வருவோருக்கு மன்னிப்பு அளித்து, பாக்கிச் சம்பளத்தைப் பணமாகக் கொடுக்க வழியில்லாமல் நிலமாகக் கொடுத்தவர் மன்னர் மூன்றாம் யான் சொபியெஸ்கி. 1679இல் க்ரோத்னோ அரச பண்ணை நிலங்களிலிருந்து க்ருஷின்யானியும் வுஜானியும் நியெத்தூபாவின் ஒரு பகுதியும் சாமுவேல் முர்சா க்ஷெச்சோவ்ஸ்கி என்ற படைத்தலைவருக்கும் அவருடைய வீரர்களுக்கும் வழங்கப்பட்டன. போஹோனிகி, திராஹ்லெ, மாலவிச்சே ஆகிய அண்டை ஊர்கள் மற்றத் தத்தாரியப் படைப்பிரிவுகளுக்குப் போயின.

மன்னர் கொடுத்த இந்த நிலம் வளமான கறுப்பு மண்ணாக இருந்திருந்தால், பெருநிலப் பிரபுக்கள் அதை எப்போதோ வளைத்துப் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. கல்லும் மணலுமான காட்டு விளிம்பு என்பதால்தான் அது மன்னரின் கையில் எஞ்சியிருந்தது; எஞ்சியிருந்ததால்தான் சம்பளமாயிற்று. இது ஆவணத்தில் எழுதியிருப்பதல்ல, வழிநெடுகக் கல் தடுக்கி நடந்ததில் எனக்குத் தோன்றிய ஊகம்; அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பேருந்தில் உடன்வந்த ஒரு பயணி வேறு கதை சொன்னார். 1683இல் ஒட்டோமான் முற்றுகையிலிருந்து வியன்னாவை மீட்ட சில வாரங்களுக்குப் பின், டான்யூப் கரையிலுள்ள பார்கானியில் நடந்த போரில் மன்னர் மயிரிழையில் உயிர்தப்பினார். அவரைக் காப்பாற்றியவர் க்ஷெச்சோவ்ஸ்கி. அந்த நன்றிக்குத்தான் மன்னர் ஊரையே பரிசளித்தார் என்பது அவர் சொன்ன கதை. பார்கானிப் போர் நடந்தது உண்மை. முதல் நாளில் மன்னர் பேராபத்தில் சிக்கியதும் உண்மை. க்ஷெச்சோவ்ஸ்கி காப்பாற்றினார் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் மரபு. ஆனால் நிலக்கொடை 1679இல், போருக்கு நான்காண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. முன்பே கொடுத்த பரிசுக்கு, பின்னால் செய்த வீரம் காரணமாக முடியாது. நான் முதலில் இந்தக் கதையை நம்பிக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அன்றிரவு ஆண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோதுதான் முரண்பாடு தெரிந்தது. ஊர்க்கதைகளைக் கேட்டால் ஒதுக்கிவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பக்கத்தில் ஆண்டையும் எழுதுங்கள். பாக்கிச் சம்பளத்துக்கு நிலம் கொடுத்தார் என்பதைவிட, உயிரைக் காத்ததற்கு ஊரைக் கொடுத்தார் என்பது சொல்வதற்கு அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு தடுமாற்றம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சதுரக் கோபுரங்களோடு அது இந்தப் பகுதி மரத் தேவாலயங்களைப் போலவே இருக்கும். கோபுர உச்சியில் பிறை இருப்பதால்தான் வேறுபாடு தெரியும். உள்ளூர்த் தச்சர்கள் தமக்குத் தெரிந்த முறையில் கட்டியது. இப்போதுள்ள கட்டடம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1846இல் புதுப்பிக்கப்பட்டது. பைன் மரத் துண்டுகளை அடுக்கிக் கட்டிய சுவருக்கு அடித்தளம் அந்த வயற்கற்கள்தான். ஆண்கள் தொழும் இடமும், மெல்லிய திரையிட்ட திறப்புள்ள தடுப்புச் சுவருக்கு அப்பால் பெண்கள் தொழும் இடமுமாக இரண்டு அறைகள். சுவரில் 'முஹிர்' எனப்படும் சட்டமிட்ட அரபு எழுத்துப் பலகைகள். வழிகாட்டியிடம் அனுமதி பெற்று இரண்டு ரக்அத் தொழ நின்றபோது, என் உடல் தன்னிச்சையாக மேற்கு நோக்கித் திரும்பியது. மக்காவை நோக்கிய தொழுகைத் திசையான கிப்லா என்றால் எங்கள் ஊரில் மேற்கு. பிள்ளைப் பருவத்தில் பதிந்த திசை அது. இங்கே அத்திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப் தெற்கே இருக்கிறது. வழிகாட்டி சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். நிலவியலை அதற்குமுன் நான் அவ்வளவு நேரடியாக உணர்ந்ததில்லை.

அவர் காட்டிய இன்னொரு செய்தி என்னை நெடுநேரம் நிற்கவைத்தது. இந்தத் தத்தாரியர்கள் தங்கள் துருக்கிய மொழியைச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே மறந்து, சுற்றியிருந்தோர் பேசிய பெலாருஸ், போலிஷ் மொழிகளுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் எழுத்தை விடவில்லை. சமய நூல்களையும் துஆக்கள் எனும் வேண்டுதல்களின் விளக்கங்களையும் அந்த ஸ்லாவிய மொழிகளிலேயே, அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை உண்டாக்கிக்கொண்டார்கள். என் பாட்டி தலைமாட்டில் வைத்திருந்த, தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்ப் புத்தகமும் இதே வேலையைத்தான் செய்தது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு கூட்டத்தார் ஒரே சிக்கலுக்கு ஒரே தீர்வைக் கண்டிருப்பதை வழிகாட்டியிடம் சொன்னபோது, தமிழ் 'ழ'வை அரபு எழுத்தில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டு, என் குறிப்பேட்டில் எழுதச்சொல்லிப் பார்த்தார்.

பின்புறத்து மையவாடியை அவர்கள் 'மிசார்' என்கிறார்கள். கல் அடுக்கிய சுற்றுச்சுவர், உள்ளே காடு. தலைமாட்டில் பெரிய கல், கால்மாட்டில் சிறிய கல். கண்டறியப்பட்டவற்றுள் மிகப் பழைய கல் 1699ஆம் ஆண்டுக்குரியது. எங்கள் பக்கத்துக் கல்லறைத் தலைக்கற்களான மீசான் கற்களைப் போலச் செதுக்கிச் சீர்செய்தவை பழைய பகுதியில் குறைவு. வயலில் கிடந்த கல்லை அதன் வடிவத்திலேயே நட்டு, ஒரு முகத்தை மட்டும் சமன்செய்து எழுத்து வெட்டியிருக்கிறார்கள். எழுத்து அரபியில் தொடங்கி, ஒரு காலத்தில் ரஷ்ய மொழியும் சேர்ந்து, பின் போலிஷாகிறது. 1795இல் கூட்டரசு மூன்றாம் முறையாகப் பங்கிடப்பட்டபோது பியாவிஸ்தோக் பகுதி பிரஷ்யாவுக்குப் போனது. 1807இல் ரஷ்யாவின் கைக்கு வந்தது. முதல் உலகப்போர்வரை அப்படியே இருந்தது. அந்த அரசியல் முழுவதும் கல்லில் மொழிமாற்றமாகத் தெரிகிறது.

இங்கே என் இரண்டாம் பிழை. ரஷ்யக் காலத்துக் கல் ஒன்றிலிருந்த இறப்புத் தேதியை, அதே ஆண்டுக்குரிய வேறொரு குறிப்போடு ஒப்பிட்டபோது, பன்னிரண்டு நாள் வேறுபட்டது. யாரோ தவறாக எழுதியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். ரஷ்யப் பேரரசு ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியதும், 19ஆம் நூற்றாண்டில் அது கிரிகோரியன் நாட்காட்டிக்குச் சரியாக 12 நாள் பின்தங்கியிருந்ததும், 1900க்குப்பின் அவ்வேறுபாடு 13 நாளானதும் பிறகே நினைவுக்கு வந்தன. இதோடு இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டும் சில கற்களில் உண்டு. கிழக்குப் போலந்தில் தேதி குறிப்பவர்கள் எந்த நாட்காட்டி என்பதையும் கூடவே குறிக்காவிட்டால், பின்னால் அவர்கள் குறிப்பே அவர்களை ஏமாற்றும்.

ஆவணங்களைத் தேடுவோருக்கு ஒரு சொல். போலந்து ஊரின் ஆவணம் போலந்தில் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பியாவிஸ்தோக் அரசு ஆவணக் காப்பகத்தில் ஒரு பகுதிதான் கிடைக்கும். இந்த ஊர் க்ரோத்னோ மாகாணத்தில் இருந்த காலத்து ஆவணங்களுக்கு க்ரோத்னோ காப்பகம். அதற்கும் முந்திய லித்துவேனியப் பெருங்கோமகன் ஆட்சியின் அரசவைப் பதிவேடுகளோ மாஸ்கோவில். வீட்டிலிருந்தபடியே தொடங்க விரும்புவோருக்கு, இரு உலகப்போர்களுக்கும் இடையில் போலந்து இராணுவ நிலவியல் நிறுவனம் அச்சிட்ட ஒரு லட்சத்துக்கு ஒன்று என்ற அளவிலான வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் போலந்து அரசின் 'கியோபோர்ட்டல்' தளத்தின் இன்றைய வரைபடத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கிழக்கே நேராகப் போய்க்கொண்டிருந்த பாதைகள் இப்போது காட்டுக்குள் முடிந்துபோவதைக் காணலாம். வெட்டியது 1945க்குப் பிந்தைய எல்லை. 1939 செப்டம்பரில் சோவியத் படைகள் வந்தன. 1941 ஜூனில் ஜெர்மானியர். 1944இல் மீண்டும் சோவியத் படைகள். போருக்குப்பின் கோடு கிழித்தபோது, தத்தாரியர்களின் பழைய ஊர்களில் பெரும்பாலானவை சோவியத் பெலாருஸிலும் லித்துவேனியாவிலும் போய்விட, பழைய மரப் பள்ளிவாசல்களில் க்ருஷின்யானியும் போஹோனிகியும் மட்டுமே போலந்தில் எஞ்சின. அவை இரண்டும் மிசார்களோடு சேர்த்து 2012இல் நாட்டின் 'வரலாற்றுச் சின்னம்' என்ற உயர்தகுதியைப் பெற்றன.

ஊரில் தத்தாரியர்கள் மட்டுமே இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. இன்று அங்கே தத்தாரியக் குடும்பங்கள் ஒருசிலவே; ஆர்த்தொடாக்ஸ் கிறித்தவர்களும் கத்தோலிக்கர்களுமே மிகுதி. ஆர்த்தொடாக்ஸ் தேவாலயமும் அதன் கல்லறைத் தோட்டமும் ஊரில் உள்ளன. வேலியோரத்தில் தண்ணீர் கேட்ட என்னிடம் மூதாட்டி ஒருவர் பேசிய மொழியில் பாதி போலிஷாகவும் பாதி பெலாருஸாகவும் இருந்தது. என்ன மொழி அம்மா என்றதற்கு, எங்கள் மொழி என்றார். க்ரின்கியிலோ, ஒருகாலத்தில் தோல் பதனிடும் தொழிலால் செழித்த யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். 1942இல் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவை நாஜிகள் அழித்தார்கள். பெரிய தொழுகைக்கூடத்தின் இடிந்த கற்சுவர் மட்டும் நிற்கிறது. அதுவும் அதே வயற்கல்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குற்றம். 'பியெரெகச்செவ்னிக்' என்பது கண்ணாடிபோல மெல்லியதாக இழுத்த மாவை ஆறு அடுக்காக வைத்து, இடையிடையே இறைச்சியோ இனிப்புப் பாலாடையோ பரப்பி, நத்தைபோலச் சுருட்டிச் சுடுவது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இதை மரபுவழிச் சிறப்புணவாகப் பதிவுசெய்தது. சுட நேரம் எடுக்கும் என்பதால் போனவுடன் சொல்லிவைத்துவிட்டு ஊர் சுற்றப் போவது நல்லது.

திரும்பும்போது நடந்த கூத்து வேறு. மிசாருக்குக் கிழக்கே சிறிது தொலைவு நடந்தேன். எல்லைப் பட்டை தொடங்கும் இடத்தில் நுழையத் தடை என்ற மஞ்சள் பலகை இருக்கும். அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். அந்த ஆண்டுதான் 186 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐந்தரை மீட்டர் உயர இரும்புத் தடுப்பும் எழுப்பியிருந்தார்கள். நான் பலகை வரைகூடப் போகவில்லை, ஆனால் என் கைப்பேசி எல்லை கடந்துவிட்டது. பெலாருஸ் கோபுரத்தின் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு, மணியையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டது. க்ரின்கியில் பேருந்து போய்விடுமே என்று பதறி, பதினொரு கிலோமீட்டரை ஓட்டமும் நடையுமாகக் கடந்து, வியர்த்து வழிய நிறுத்தத்துக்கு வந்தபின் தேவாலயக் கடிகாரத்தைப் பார்த்தால், இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பெலாருஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் இணையக் கட்டணமும் தனியாக வந்தது. எல்லையோரம் போகுமுன் வலைத்தொடர்பைக் கைம்முறையில் நிலைநிறுத்திவிட்டு, நேரத் தானியக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளவும் மறக்க வேண்டாம்: இது உண்ணி மிகுந்த வட்டாரம்; உண்ணி பரப்பும் மூளையழற்சிக்குத் தடுப்பூசி உண்டு, லைம் நோய்க்குப் பயணத்துக்கு முன் போட்டுக்கொள்ளத் தடுப்பூசி எதுவும் இல்லை. அன்றிரவு என் முழங்காலுக்குப் பின்னால் ஒன்று ஒட்டியிருந்தது. நுண் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தேன்.

இரண்டாம் முறை 2023 ஜூன் 28 அன்று, 'குர்பான் பைரம்' என்று அவர்கள் அழைக்கும் ஹஜ்ஜுப் பெருநாளில் போனேன். முந்தைய ஆண்டு வெறிச்சோடிக் கிடந்த தெருவில் இரு பக்கமும் கார்கள். தொழுகைக்கு இடம் போதாமல் பலர் வாசலில் நின்றார்கள். தொழுகை முடிந்து மிசாருக்குப் போய்த் தம் குடும்பக் கற்களின் முன் நின்று ஓதினார்கள். அந்த நேரத்தில் நான் தெருவில் நடந்து, கார்களின் எண்பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போலந்தில் முதலெழுத்துகளைக் கொண்டே ஊரைக் கண்டுபிடித்துவிடலாம். பியாவிஸ்தோக்கும் சொகூவ்காவும் எதிர்பார்த்தவை. வார்சாவும் வியப்பில்லை. ஆனால் நாட்டின் வடகோடியிலுள்ள க்தான்ஸ்க், ஜெர்மன் எல்லைக்கு அருகிலுள்ள கோர்சூவ் ஆகிய ஊர்களின் எழுத்துகளும் இருந்தன. 1945க்குப்பின், எல்லைக்கு அப்பால் விடப்பட்ட ஊர்களிலிருந்து வெளியேறிய தத்தாரியர்கள் ரயிலேற்றிக் கொண்டுசெல்லப்பட்டுக் குடியேறிய இடங்கள் அவை. தங்கள் பாட்டன் பூட்டன்களின் ஊருக்கும் மையவாடிக்கும் போக இன்று அவர்களில் பலருக்கு வழியில்லை. ஆகவே நாட்டின் மறுகோடியிலிருந்து இங்கே வந்து, வேறொருவர் பாட்டனாரின் கல்லருகே நின்றும் ஓதிவிட்டுப் போகிறார்கள் என்று, முந்தைய ஆண்டு என் தோளைத் திருப்பிவிட்ட அதே வழிகாட்டி சொன்னார். அன்று நான் கேட்காமலே தெற்கு நோக்கி நின்றிருந்தேன்.